'இல்லை' என்று சொல்லத் தெரியாத கெர்னல்

கணக்கில் 5,000 ரூபாய்தான் இருக்கிறது, 50,000க்கு செக் எழுதினால் என்ன ஆகும்? வங்கி திருப்பி அனுப்பிவிடும். லினக்ஸ் கெர்னல் அவ்வளவு கறார் இல்லை. புரோகிராம் கேட்கும் நினைவகம் கையில் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் "எடுத்துக்கோ" என்று சொல்லிவிடும். இதற்குப் பெயர் ஓவர்கமிட்.

நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்படுகிறது. சாதாரண பிசியில் ஒரு பக்கம் 4096 பைட். எம்மேப் மூலம் கேட்டால் கெர்னல் முகவரியை மட்டும் குறித்துக் கொடுக்கும். நிஜப் பக்கம், புரோகிராம் அந்த இடத்தைத் தொடும்போதுதான் வரும். அப்போது பக்கம் காலியில்லை என்றால்? பிழை என்று திருப்பிச் சொல்லவும் வழியில்லை. எம்மேப்புக்கான பதில் எப்போதோ "சரி" என்று போய்விட்டதே! வேறு வழியின்றி ஓஓஎம் கில்லர் வந்து ஒரு புரோகிராமைக் கொல்லும். பெரும்பாலும் அதிக நினைவகம் வைத்திருப்பதுதான் பலி. கடைசிப் பக்கத்தைக் கேட்டது யாரோ, சாவது டேட்டாபேஸ்!

இதே கெர்னல் தன் உள்வேலையில் எவ்வளவு ஒழுங்கு தெரியுமா? பத்து படிகளில் ஏழாவது தவறினால், முன்பு செய்த ஆறையும் தலைகீழ் வரிசையில் ரத்து செய்துவிட்டுத்தான் பிழை எண்ணைத் தரும். வரவு எழுத முடியாவிட்டால் பற்றையும் அடித்துவிடும் கணக்கர் மாதிரி.

ஓவர்கமிட்டுக்கு நியாயமும் உண்டு. 6 ஜிபி பிடித்திருக்கும் புரோகிராம் ஃபோர்க் செய்தால் ஏட்டில் 12 ஜிபி. ஆனால் எழுதப்படும் பக்கங்கள் மட்டுமே நகலாகும் என்பதால் நிஜத்தில் அவ்வளவு தேவைப்படாது. அதனால்தான் ரெடிஸ் இந்த அமைப்பை 1 என்று (எப்போதும் "சரி") வைக்கச் சொல்கிறது. போஸ்ட்கிரெஸ் கையேடோ 2 என்று (கறாரான கணக்கு) வைக்கச் சொல்கிறது. எதுவும் செய்யாவிட்டால் 0, அதாவது குத்துமதிப்பு.

பிறர் பணம், பிறர் கணக்கு இருக்கும் சர்வருக்கு 2தான் சரி. கொலை வாய்ப்பு வெகுவாகக் குறையும். கேட்கும்போதே "இல்லை" என்று தெரிந்தால் புரோகிராம் வேலையைச் சேமித்துவிட்டு ஒதுங்கலாம். கொல்ல வருபவன் அந்த அவகாசம் தருவதில்லை.

"பல புரோகிராம்கள் அந்த பதிலைப் பார்ப்பதே இல்லையே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எப்போதும் "சரி" என்றே சொல்லி அவற்றைக் கெடுத்தது யார்?