அச்சுக்குக் கொடுக்குமுன் பக்கங்களை எண்ணுங்கள்!



சமையற் குறிப்புத் தொகுப்பு, பாலர் பாடசாலை மலர், மாதர் சங்க ஆண்டறிக்கை போன்ற சிறு நூல்களைப் பெண்களே கணனியில் வடிவமைத்து அச்சகத்துக்குக் கொடுப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்த சங்கப் பணம் வெற்றுத் தாளுக்குப் போகலாமா? தட்டச்சுச் செய்யத் தொடங்குமுன் சிலவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, பக்கக் கணக்கு. ஓர் ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 அளவில் நான்கு பக்கங்கள் வரும். ஆகவே, நடுவில் கம்பி அடிக்கும் நூலின் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். 33 பக்கம் எழுதினால் 36 பக்கத்துக்குத் தாள் போகும். மூன்று பக்கம் வெறுமையாக நிற்கும். அந்த ஒரு பக்கத்தைச் சுருக்கி 32 ஆக்கினால் பிரதிக்கு ஒரு தாள் மிச்சம். 500 பிரதிக்கு 500 தாள்!

இரண்டாவது, அளவு. ஆரம்பத்திலேயே பக்கத்தை 148 x 210 மில்லிமீற்றர் என வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 இல் செய்துவிட்டுப் பின்னர் ஏ5 ஆகச் சுருக்கினால் 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளியாகிவிடும். வீட்டிலுள்ள முதியவர்கள் எப்படி வாசிப்பது? ஓரம் வரை செல்லும் படங்களை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நீட்டிவிடுங்கள். இல்லையேல் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும்.

மூன்றாவது, நிறம். ஓப்செட் அச்சில் கறுப்புக்கு ஒரு பிளேட் போதும். முழு நிறத்துக்கு நான்கு வேண்டும். நிறப் படங்களை ஆங்காங்கே தூவாமல் அட்டையிலோ, நடுத்தாளின் உட்புற இரு பக்கங்களிலோ சேர்த்து வைத்தால் செலவு குறையும்.

நான்காவது, எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் அச்சகத்துக் கணனியில் இல்லையென்றால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளே வரிசையாக நிற்கும். அறபு வசனங்களிலும் எழுத்துகள் பிரிந்து, குறிகள் இடம்மாறக் கூடும். குர்ஆன் வசனமாயின் இது சிறு பிழையன்று. எனவே, எழுத்துருக்களை உள்ளே பதித்த பீடிஎப் கோப்பாகவே கொடுங்கள். பின்னர் மாதிரிப் பிரதி கேட்டு வாங்கி, அறபு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. எட்டுத் தாள்களை ஒன்றாக மடித்து, 1 முதல் 32 வரை கையால் இலக்கமிட்டு, எந்தப் பக்கத்தில் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கே இடம் மிஞ்சுகிறது, எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் கணனியைத் திறக்குமுன்னரே தெரிந்துவிடும்.