சித்தி இல்லாத ‘சித்தி’

ராடான் நிறுவனம் தயாரித்த ‘சித்தி’ தொடர் 1999 கடைசியில் சன் டிவியில் தொடங்கி 2001 வரை ஓடியது. சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று சினிமா நம்மை நெடுங்காலம் பழக்கியிருந்தது. அந்த வேளையில், தான் பெறாத பிள்ளைக்குத் தாயாக நின்ற சாரதாவை நடிகை ராதிகா நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தார். பெறாதவள் தாயாக முடியுமா என்பதே தொடரின் கேள்வி. அதன் உயிர் அந்த ஒரு உறவில்தான் இருந்தது. 2020 ஜனவரியில் அதே பெயரோடும் அதே ராதிகாவோடும் ‘சித்தி 2’ வந்தது. போகப் போகக் கதை வெண்பா, கவின் என்ற இளம் ஜோடியின் காதலுக்குப் பின்னால் போய்விட்டது. 2021இல் ராதிகா விலகினார், தொடர் நிற்கவில்லை. சித்தி போன பிறகும் ‘சித்தி’ நடந்ததென்றால், பழையதிலிருந்து அதற்குத் தேவைப்பட்டது பெயர் மட்டும்தான். இதைத்தான் கலை நேர்மை இல்லாத செயல் என்கிறேன்.

கொரோனாவால் படப்பிடிப்பு நின்றுபோனது, அவர்களும் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆட்கள் மாறியதற்கு அது காரணமாகலாம். கதை தன் கேள்வியைக் கைவிட்டதற்கு ஆகாது. சனங்கள் பழைய ஞாபகத்தைத்தானே கேட்கிறார்கள் என்றும் சொல்வார்கள். ஞாபகத்துக்கு மறுஒளிபரப்பே போதும். அதே 2020இல் தூர்தர்ஷன் ராமானந்த் சாகரின் 1987ஆம் ஆண்டு ‘ராமாயண’த்தையும், சன் டிவி ‘மெட்டி ஒலி’யையும் அப்படியே போட்டன, வீடுவீடாக உட்கார்ந்து பார்த்தார்கள். ‘மர்மதேசம்’ தொடரை எடுத்த இயக்குநர் நாகாவோ 2024இல் ‘ஐந்தாம் வேதம்’ எடுத்தபோது பழைய பெயரைத் தொடவேயில்லை. ஆனால் ‘மர்மதேச’த்தில் நம்பிக்கைக்கும் அறிவுக்கும் நடந்த அந்தப் பழைய இழுபறியை விடாமல் தொடர்ந்தார். எனக்கு அதுதான் உண்மையான இரண்டாம் பாகம்.

சாரதாவின் கேள்வி தீர்ந்துபோய்விட்டதா? இலங்கை மலையகத்தில் வலப்பனை, ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் கேட்டுப்பாருங்கள். அம்மா குவைத்திலோ சவூதியிலோ கொழும்பிலோ வீட்டு வேலையில் இருக்க, பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகிறவள் சித்தி. அவளும் விடிந்ததும் கொழுந்தெடுக்க மலை ஏறவேண்டியவள். போனில் அம்மாவின் முகம் தெரிந்ததும் பிள்ளை சித்தியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பெற்றவளுக்கும் வலி, வளர்த்தவளுக்கும் சங்கடம். எத்தனை வாரம் எழுதினாலும் தீராத கதை இது. எந்த அலைவரிசையிலும் இன்னும் நான் பார்க்கவில்லை.

மூன்றாவது ‘சித்தி’ எடுக்க யாராவது நினைத்தால், தயவுசெய்து இவர்களிடமிருந்து தொடங்குங்கள். அதற்கு மனமில்லையென்றால் பழைய தொடரையே மறுபடி போடுங்கள், பார்க்கிறோம்.