பிழை தாங்கும் குவாண்டம் யந்திரங்களின் முதற் பிரயோஜனம்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

1995இல் பீட்டர் ஷோர் தொடங்கிவைத்த பிழைதிருத்தக் கொள்கை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றிருந்து, 2024 டிசம்பரில் கூகுள் நிறுவனத்தார் 105 கியூபிட்டுகள் (குவாண்டம் தகவலின் அலகுகள்) கொண்ட வில்லோ சில்லில் பிழைதிருத்தக் குறிமுறையின் பரிமாணத்தை மூன்றிலிருந்து ஐந்துக்கும் ஐந்திலிருந்து ஏழுக்கும் உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் பிழைவிகிதம் பாதிக்கும் கீழே இறங்கியதைக் காட்டியபோது பிரத்தியட்சமாயிற்று. ஆகையால், இந்த யந்திரங்கள் முதன்முதலில் எந்தக் காரியத்திற்கு உதவும் என்ற கேள்வியை இனியும் ஒத்திப்போடுவது நியாயமன்று என்பது எமது சங்கத்தின் அபிப்பிராயம்.

முதல் தலைமுறை யந்திரங்களில் நம்பத்தக்க தர்க்க கியூபிட்டுகள் சில நூறே இருக்கக்கூடும். அவை ஒவ்வொன்றையும் காக்க நூற்றுக்கணக்கான பௌதிக கியூபிட்டுகள் இடைவிடாது உழைக்க வேண்டியிருப்பதால், கணக்கீட்டின் ஒவ்வொரு படியும் சாதாரணக் கணினியில் நடப்பதைவிடப் பன்மடங்கு மெதுவாகவே நடைபெறும். குரோவர் 1996இல் கண்ட தேடல் முறை, பத்து லட்சம் பொருள்களுள் ஒன்றைக் கண்டெடுக்க ஏறத்தாழ ஆயிரம் படிகள் போதுமென்று காட்டும் அழகிய சித்தாந்தமே எனினும், அத்தகைய வர்க்கமூல அனுகூலத்தை இந்தத் தாமதமே விழுங்கிவிடக்கூடும் என்று 2021இல் கூகுள் ஆராய்ச்சியாளர்களே கணக்கிட்டுச் சொல்லியிருக்கின்றனர். ஆதலின், அதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு பங்குச்சந்தைக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் உடனடி நன்மை விளையுமென்று செய்யப்படும் பிரசாரத்தை நாங்கள் ஏற்பதற்கில்லை.

1981இல் பௌதிக விஞ்ஞானி ஃபெய்ன்மன் சுட்டிய திசையில், அதாவது இயற்கையின் குவாண்டம் நடத்தையைக் குவாண்டம் கருவியாலேயே ஆராய்வதில்தான் எங்களுக்கு உறுதியான நம்பிக்கை இருக்கிறது. பயறுச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், உர உற்பத்திக்குரிய ஹேபர்-பாஷ் முறையில் 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் பெரும் அழுத்தமும் வேண்டப்படும் நைட்ரஜன் மாற்றத்தை, சாதாரண வெப்பநிலையிலேயே ஒரு நொதியைக் கொண்டு நிறைவேற்றுகின்றன. அந்நொதியின் இரும்பு-மாலிப்டினக் கருவை ஆராய்வது உழவருக்கும் உலகத்துக்கும் நன்மை தரக்கூடிய இலட்சியமே. எனினும், 2021ஆம் ஆண்டின் ஒரு மதிப்பீடு அதற்கு நாற்பது லட்சம் பௌதிக கியூபிட்டுகளும் ஏறத்தாழ நான்கு நாட்களும் தேவையென்றது. அதற்கு முன்னதாகவே கைகூடத்தக்கது, திடப்பொருளில் எலக்ட்ரான்களின் நடத்தையை விவரிக்க 1963இல் வகுக்கப்பட்ட ஹப்பர்டு மாதிரியில் அவற்றின் நிலை காலப்போக்கில் மாறும் விதத்தைக் கணிப்பது என்று கருதுகிறோம். முதற் பயனை அடைவோர் பௌதிக விஞ்ஞானிகளாகவே இருக்கக்கூடும்; முதலீட்டாளரிடம் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே தர்மம்.

சாதாரணக் கணினியையும் குறைத்து மதிப்பிடலாகாது. அளப்பரிய வேக அனுகூலம் உடையதெனக் கருதப்பட்ட பரிந்துரைக் கணக்கொன்றைச் சாதாரணக் கணினியிலும் விரைவாகச் செய்ய இயலும் என்று 2018இல், பதினெட்டே வயதான ஈவின் டாங் நிரூபித்ததை இத்துறைக்கு வாய்த்த பேருபகாரமாகவே நாங்கள் மதிக்கிறோம்.

எனவே, கருவிகளுக்கு நிதி வழங்குவோர் அவற்றுக்கேற்ற கணக்குகளைத் தேடுவதற்கும் ஒரு நிரந்தரப் பங்கை ஒதுக்க வேண்டும். குவாண்டம் அனுகூலத்தை மறுத்து நிரூபிக்கும் ஆய்வுக்கும் அதிலிருந்து உதவி கிடைக்க வேண்டும். திட்டமான ஓர் உதாரணக் கணக்கும், அதில் மிகச் சிறந்த சாதாரண முறை எட்டிய விடையும், பிழைதிருத்தச் செலவும் உள்ளடங்கிய கியூபிட்டு, கால மதிப்பீடும் பகிரங்கமாக வெளியிடப்படாத எந்தப் பயன் அறிவிப்புக்கும் எமது சங்கம் ஆதரவு அளிக்காது.