காருக்கு உண்டு, காலுக்கு இல்லையா?

பார்லிமெண்ட் அங்கத்தினரின் சாலைப் பயணப்படியைக் கிலோமீட்டருக்கு 13 ரூபாயிலிருந்து 16 ரூபாயாக 2010-ல் உயர்த்தினார்கள். வேலைக்காகச் செய்யும் பயணத்தின் செலவை வேலை செய்பவர் சுமக்கலாகாது. இந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை.

கூலிக்காரனுக்கும் இதே நியாயம்தான். கிராமத்திலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் 10 சதவீதம் கூடுதல் கூலி என்றது 2005-ம் வருஷ வேலை உறுதிச் சட்டம். அது தானமல்ல, உரிமை. 2025 டிசம்பரில் அதற்குப் பதில் வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். சட்டத்தின் பெயர் மாறலாம். நடக்கும் தூரம் குறையவில்லை!

திருவேங்கடம் வட்டார விவசாயத் தொழிலாளிகளே, ஆலைத் தொழிலாளிகளே! வேலைக்கு அனுப்பப்படும் தூரத்தைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். தனித்தனியாகக் கெஞ்ச வேண்டாம். சங்கமாகத் திரண்டு கேளுங்கள். காருக்குப் படியளப்பவர்கள் காலுக்கும் படியளக்கட்டும்!