கிளிக்குக்குக் காசு குடுக்கிறது நாங்கள், லாபம் ஆருக்கு?

"கூகிளில விளம்பரம் போடுங்கோ, வியாபாரம் பிச்சுக்கொண்டு போகும்" எண்ட கதை இப்ப யாழ்ப்பாணத்திலயும் மட்டக்களப்பிலயும் நல்ல விலைக்கு விற்கப்படுகிறது. இரண்டு நாள் பட்டறை, ஒரு சான்றிதழ், கடைசியில மேடையில நிண்டு ஒரு குழுப்படம். வந்திருக்கிற அக்காமார் வீட்டில் மிளகாய்த்தூள் இடித்து விற்பவர்கள், கேக் அடிப்பவர்கள், சட்டை தைப்பவர்கள். பட்டறை முடியும்போது அவர்களுக்கு விளம்பரக் கணக்குத் திறக்கத் தெரியும், வங்கிக் காட் இலக்கத்தைப் பதியத் தெரியும். ஒரு கிளிக்குக்கு ஆகக்கூடினது எவ்வளவு குடுக்கலாம் என்று தெரியாது. ஏனெண்டால் அதை அங்கே ஒருத்தரும் சொல்லிக்குடுக்கிறதில்லை.

எனக்குள்ள கோபம் முழுக்க இந்த ஒரு இலக்கத்தைப் பற்றியதுதான். அதைச் சொல்லாமல் விளம்பரம் படிப்பிக்கிறவர்களும், அதைக் கேட்காமல் மாதக் கட்டணத்துக்கு விளம்பரம் 'ஓட்டித் தருகிறவர்களும்' சின்ன வியாபாரிகளின் காசில்தான் பழகுகிறார்கள்.

கணக்கைப் பார்ப்பம். இலக்கங்கள் உதாரணத்துக்கு, உங்கடையை நீங்கள் போட்டுப் பாருங்கோ. மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி எல்லாம் சேர்ந்த ஒரு பொதி 2,500 ரூபா, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிற செலவும் அதுக்குள்ளேயே. சாமானுக்கு 1,500. கூரியருக்கு 400. பெட்டி, ஸ்டிக்கர் 100. மிச்சம் 500. விளம்பரத்தைத் தட்டி உள்ளே வருகிற 40 பேரில் ஒருவர் வாங்குகிறார் என்று வைப்போம். 500ஐ 40ஆல் பிரித்தால் 12 ரூபா 50 சதம். அதுக்கு மேலே ஒரு கிளிக் போனால் நட்டம்.

பொறுங்கோ, இன்னும் முடியேல்ல. எங்கட நாட்டில் சனம் பொருள் கைக்கு வந்தபிறகுதான் காசு குடுக்கும். ஐந்து பார்சலில் ஒன்று "ஆள் வீட்டில இல்லை", "இப்ப வேண்டாம்" எண்டு திரும்பி வந்தால்? நாலு பார்சலில் 2,000 லாபம். திரும்பி வந்ததில் கூரியர் 400, பெட்டி 100 போய்விட்டது. மிச்சம் 1,500. அதாவது ஒரு ஓடருக்கு 300. இப்ப ஒரு கிளிக்குக்கு நீங்கள் குடுக்கக்கூடியது 7 ரூபா 50 சதம் மட்டுமே.

இனி அதே கடைக்கு விளம்பரம் ஓட்டுகிறவர் மாதக் கடைசியில் அனுப்புகிற அழகான ரிப்போட்டைப் பாருங்கள். கிளிக் 4,000. ஓடர் 100. விற்பனை 2,50,000 ரூபா. ஒரு கிளிக் 20 ரூபாப்படி விளம்பரச் செலவு 80,000. "அக்கா, ஒரு ரூபா போட்டா மூண்டு ரூபா வருது. பட்ஜெட்டைக் கூட்டுவமா?" உண்மையில் அந்த 100 ஓடரில் கைக்கு வந்த லாபம் 30,000. அக்காவுக்கு நட்டம் 50,000. ரிப்போட்டில் ஒரு பொய்யும் இல்லை. திரும்பி வந்த பார்சலுக்கும் கூரியருக்கும் அதிலே ஒரு நிரல் இல்லை, அவ்வளவுதான். விளம்பரச் செலவில் இத்தனை வீதம் என்று கட்டணம் வாங்குகிற ஆளெண்டால், பட்ஜெட் கூடுகிற ஒவ்வொரு மாதமும் அவருக்குச் சம்பள உயர்வு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "மெஷின் படிக்க வேணும், பொறுமையா இருங்கோ." கூகிளின் தானியங்கி ஏலமுறை பழைய ஓடர்களைப் பார்த்துத்தான் படிக்கிறது, அது உண்மை. அப்படியென்றால் எதைப் படிக்கக் குடுக்கிறீர்கள்? பொத்தானை அழுத்தின எல்லாரையும் 'வாங்கினவர்' என்று பதிந்துவிட்டால், பார்சலைத் திருப்பி அனுப்புகிற ஆட்களைப் போன்றவர்களையும் அது கெட்டித்தனமாகத் தேடிக் கொண்டுவந்து தரும். ஓடரைப் பிறகு நீக்கவும் திருத்தவும் வசதி அதிலேயே இருக்கிறது. அதைச் செய்ய அரை மணித்தியாலம் உட்கார வேண்டும். மாதத்துக்குப் பத்து ஓடர் வருகிற கடையில் மெஷினுக்குப் படிக்க எதுவும் பெரிதாக இல்லை என்பது வேறு கதை.

இந்தச் சந்தை எப்படி வேலை செய்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேடல் முடிவில் இடத்தை ஏலம் விட்டு, தட்டினால் மட்டும் காசு என்ற முறையை 1998இல் கோடு.கொம் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. கூகிள் 2000இல் 350 விளம்பரதாரர்களோடு அட்வேர்ட்ஸைத் தொடங்கி, 2002இல்தான் கிளிக் ஏலத்துக்கு மாறியது. ஆனால் கூடக் காசு சொன்னவன் மேலே வருவான் என்ற விதியை அது அப்படியே எடுக்கவில்லை. விளம்பரம் தேடலுக்குப் பொருந்துதா, தட்டினால் போகிற பக்கம் உருப்படியா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. அதனால் சின்னக் கடைக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. விளம்பரத்தில் 'எலிசபெத் கேக்' என்று போட்டுவிட்டு, தட்டினால் கடையின் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறவர் அந்த வாய்ப்பைத் தானே தூக்கி எறிகிறார். அவருக்கு அதே இடம் கூடின விலைக்குத்தான் கிடைக்கும்.

மற்றப்பக்கம், ஏலம் நடத்துகிறவரே விலையில் கை வைக்கிறார். அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2023இல் கூகிள் விளம்பரப் பிரிவின் அதிகாரி ஜெரி டிஷ்லர், ஏலத்தில் மாற்றம் செய்து விலையை 5 வீதம்வரை, சிலவேளை 10 வீதம்வரை கூட்டியதையும், அதை விளம்பரதாரருக்குச் சொல்லாமல் செய்ததையும் சாட்சியத்தில் ஒத்துக்கொண்டார். 2024 ஓகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலிலும் தேடல் எழுத்து விளம்பரத்திலும் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். "கூகிளே சிபாரிசு செய்யுது" என்று ஒரு பரிந்துரையைக் கண்ணை மூடி ஏற்கிறவர்கள் இதை ஒருக்கா நினைக்க வேண்டும். கணக்குக்குள்ளே 'மேம்படுத்தல் புள்ளி' என்று 100க்கு ஒரு மதிப்பெண் வேறு காட்டும். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் எங்கட ஆக்கள் 100 எடுக்க ஓடுகினம். பரிந்துரையை வேண்டாம் என்று தள்ளிவிட்டாலும் அந்தப் புள்ளி கூடும் எண்டது தெரியுமோ?

இயல்பு அமைப்புகளும் அப்படித்தான். நாளுக்கு 1,000 ரூபா என்று போட்டால் ஒரு நாளில் 2,000 வரை செலவழிக்க அதற்கு உரிமை உண்டு, மாதக் கணக்கில்தான் சமப்படுத்தும். கணக்கு டொலரில் இருந்தால் கேட்கவே வேண்டாம். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபிறகு, 200 சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணம் என்று இடம் குறித்தாலும், யாழ்ப்பாணத்தில் 'ஆர்வம் உள்ள' வெளிநாட்டுக்காரருக்கும் விளம்பரத்தைக் காட்டும். உள்ளூருக்கு மட்டும் பார்சல் அனுப்புகிற கடைக்கு இது காசைக் கொட்டுகிற ஓட்டை. சொற்களும் அப்படியே. 'மிளகாய்த்தூள்' என்ற சொல்லைப் பரந்த பொருத்தத்தில் விட்டால் 'மிளகாய்த்தூள் செய்வது எப்படி' என்று தேடுகிறவரும் வந்து தட்டலாம். அவர் வாங்க வரவில்லை, இடிக்கப் போகிறார். 'எப்படி', 'வேலை', 'இலவசம்' மாதிரிச் சொற்களை விலக்குச் சொற்களாகப் போடுவதும், என்ன தேடி வந்தார்கள் என்ற பட்டியலைக் கிழமைக்கு ஒருதரம் வாசிப்பதும்தான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. அந்தப் பட்டியலிலும் 2020இலிருந்து குறைவாகத் தேடப்படுகிற சொற்களை கூகிள் மறைத்துவிட்டது, காசை மட்டும் எடுக்கிறது.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கட கடைப் பெயரையே சொல்லாகப் போட்டு விளம்பரம் ஓட்டுவார்கள். உங்களைத் தெரிந்து, உங்கட பெயரை அடித்துத் தேடி வருகிறவர் எப்படியும் வாங்குவார். அந்த ஓடர் விளம்பரத்தின் சாதனையாக ரிப்போட்டில் ஏறும். ஈபே 2012இல் தன் பெயருக்கான விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தது. வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 வீதமானோர் காசில்லாத இணைப்பினூடாக அப்படியே வந்து சேர்ந்தார்கள். அதே ஆய்வில், புதியவர்களையும் எப்போதாவது வாங்குகிறவர்களையும் விளம்பரம் கொண்டுவந்ததும் தெரிந்தது. போட்டிக்காரர் உங்கட பெயரில் விளம்பரம் போடுகிறார் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

ஆக, விளம்பரமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ரொறன்ரோவில் இருக்கிற மகன் யாழ்ப்பாணத்து அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக்கும் பூவும் அனுப்பத் தேடுகிறான். அவனுக்கு இப்பவே வேணும், காட்டில் முற்பணமாகக் கட்டுவான், பார்சல் திரும்பி வராது. ஒரு ஓடரில் 4,000 ரூபா மிஞ்சி, 25 கிளிக்குக்கு ஒன்று விற்றால், கிளிக்குக்கு 160 ரூபா குடுத்தும் நட்டமில்லை. அடுத்த வருஷம் அப்பாவின் பிறந்தநாளுக்கு அவன் திரும்பி வந்தால் அது முழு லாபம். இந்தக் கடைக்கு விளம்பரம் ஓட்டுகிறவர் என்ன செய்கிறார்? இடம்: யாழ்ப்பாணம். மொழி: தமிழ். நேரம்: காலை 9 முதல் மாலை 5. வாங்குகிறவன் கனடாவில், ஆங்கில எழுத்தில் 'ஜஃப்னா கேக் டெலிவரி' என்று நாலுவிதமாக அடித்துத் தேடுகிறான். அவனுக்கு இரவு எட்டு மணி ஆகும்போது கோடைகாலத்தில் இங்கே விடிய ஐந்தரை. விளம்பரம் நித்திரை.

அதனால் கேளுங்கோ. விளம்பரக் கணக்கு உங்கட பெயரில், உங்கட மின்னஞ்சலில் இருக்க வேண்டும், ஓட்டுகிறவருக்கு அனுமதி மட்டும். அவர் தன் பெயரில் திறந்தால், பிரியும்போது இரண்டு வருஷத்துப் பதிவும் அவரோடு போய்விடும். ரிப்போட்டில் கிளிக்குக்குப் பக்கத்தில் சேர்ந்த பார்சல், திரும்பின பார்சல், கையில் மிஞ்சின காசு என்று மூன்று நிரல் கேளுங்கோ. "அது எங்கட வேலை இல்லை" என்று சொன்னால் காட்டை எடுத்துவிடுங்கோ. அடுத்த பட்டறைக்கு அழைப்பு வந்தால் நிகழ்ச்சிநிரலை முதலே அனுப்பச் சொல்லி, திரும்பி வந்த பார்சலின் கணக்கை எத்தனையாம் நாள் படிப்பிக்கிறீங்கள் எண்டு கேட்டுப் பாருங்கோ.