ஸ்கேன் நார்மல், அப்புறம் என்ன பயம்?

2019, 2022, 2023 என கேரள மாநிலப் பள்ளித் தடகளத்தில் பட்டம் வென்ற மாவட்டம் பாலக்காடு. மூணாறில் எஸ்டேட் அணிகள் பல பத்தாண்டுகளாக ஃபின்லே ஷீல்டு கால்பந்துக் கோப்பைக்காக மோதுகின்றன. ஒரு கிரேஸ் மார்க், ஒரு ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் என்ன செய்யும் என்று கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால்தான் தலையில் அடிபட்ட பிள்ளையை அவசர அவசரமாக மைதானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். தயங்கினால் 'பயந்தாங்கொள்ளி' என்ற பட்டம்.

அந்தப் பட்டத்தைக் கொடுப்பது அநியாயம். கொடுப்பவர் பயிற்சியாளராக இருந்தால், அது கடமை தவறிய குற்றம்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே" என்பார்கள். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்வு, அதாவது கிரிக்கெட் ரசிகர்கள் கன்கஷன் என்று சொல்வது, அதில் தெரியாது. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுவது, பாடத்தில் மனம் நிற்காதது ஆகியவைதான் அதன் அடையாளங்கள். வளரும் பிள்ளைகளுக்கு இவை அடங்க ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அபூர்வமாக, உயிரே போகும். வட அயர்லாந்தில் 2011-இல் 14 வயது ரக்பி மாணவன் ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்ப அடிபட்டு இறந்தான்.

பயத்தோடு ஹெடருக்கு எழும்பும் பையனைக் கவனியுங்கள். பந்து வருமுன்பே கண்ணை மூடிக்கொள்கிறான், கழுத்து தோளுக்குள் இறங்குகிறது, குதிப்பதும் ஒரு கணம் பிந்துகிறது. நெற்றியில் வாங்க வேண்டிய பந்தைப் பொட்டில் வாங்குகிறான். அதட்டி இறக்கிவிட்டவர் அவனை மறுபடி அடிபடத்தான் அனுப்பியிருக்கிறார். போதாக்குறைக்கு, பயத்தாலும் தலை சுற்றும், தூக்கம் கெடும். சுற்றுவது பயத்தாலா, காயத்தாலா என்று பிரிக்க மருத்துவருக்கே அவகாசம் வேண்டும்; கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் பி.டி. மாஸ்டருக்கு அது எப்படித் தெரியும்?

பெற்றோர் செய்யும் தவறு வேறு வகை. மாதக்கணக்கில் இருட்டறையில் படுக்கவைத்தாலும் பயம் தடிக்கத்தான் செய்யும். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சொன்ன வழி எளிது: ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, மெல்லோட்டம், தனிப் பயிற்சி, அறிகுறிகள் முற்றும் அடங்கி மருத்துவர் அனுமதித்த பிறகே மோதல் உள்ள ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். படிப்படியாகப் போகும்போது பயமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

2020-இல் கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டதும் அவருக்குப் பதிலாகச் சாஹல் வந்து பந்து வீசினார். ஜடேஜாவை யாராவது கோழை என்றார்களா? நம் ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

பெரியவர்களின் அவசரம் என்ன செய்யும் என்று இடுக்கிக்குப் பக்கத்துப் பாலாவில் பார்த்தோம். 2019 அக்டோபரில் மாநில ஜூனியர் தடகளத்தில் ஈட்டியும் சுத்தியலும் ஒரே சமயத்தில் எறியப்பட்டன; உதவிக்கு நின்ற பிளஸ் ஒன் மாணவன் தலையில் சுத்தியல் விழுந்து இறந்தான்.

கல்வித் துறையும் ஸ்போர்ட்ஸ் கவுன்சிலும் அடுத்த பள்ளி விளையாட்டு விழாவுக்கு முன் உத்தரவிட வேண்டும்: தலையில் அடிபட்டவர் அன்று மறுபடி இறங்கக் கூடாது, மருத்துவரின் எழுத்து அனுமதி இல்லாமல் திரும்பக் கூடாது, காயத்தால் ஒதுங்கியவருக்குக் கிரேஸ் மார்க் பறிபோகக் கூடாது. அந்த அனுமதிப் படிவத்தில் 'எனக்குச் சம்மதம்' என்று பிள்ளையே கையெழுத்திட ஓர் இடம் வேண்டும். எல்லையோரப் பள்ளிகளில் அது தமிழிலும் இருக்க வேண்டும்.