கருங்கல்லில் டைனோசர் கிடைக்குமா? சாணார்பட்டி முதல் அரியலூர் வரை

கிணறு வெட்டும்போது உருண்டையான கல் ஒன்று வந்தால் போதும், "டைனோசர் முட்டைப்பா!" என்று வாட்ஸ்அப்பில் படம் பறக்கிறது. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த கற்களுக்கும் இதுதான் நடந்தது. அவை முட்டைகள் அல்ல, பழங்காலக் கடலில் உருவான கல் உருண்டைகள் என்று நிபுணர்கள் விளக்கினர்.

சாணார்பட்டியில் கிடைக்குமா?

வாய்ப்பே இல்லை. திண்டுக்கல் வட்டாரத்துக் கருங்கல், பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். டைனோசர்கள் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சிறுமலையைக் குடைந்தாலும் எலும்பு சிக்காது.

அப்போ எங்கே?

வடகிழக்கே, அரியலூர் பக்கம். டைனோசர் காலத்தின் பிற்பகுதியில் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த மண்ணும் சுண்ணாம்பும் உயிரினங்களைப் பாதுகாத்தன. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1979-ல் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் ஒரு விலங்குக்கு 'திராவிடோசாரஸ்' எனப் பெயரிட்டனர். முதுகில் தட்டுகள், வாய் நுனியில் அலகு, தின்பது இலைதழை. அமெரிக்காவின் ஸ்டெகோசாரஸ், தான்சானியாவின் கென்ட்ரோசாரஸ் ஆகியவற்றின் உறவினர் என்றனர். நீளம் சுமார் 3 மீட்டர்தான்.

இதில் என்ன சிக்கல்?

இந்த வகை டைனோசர்கள் மற்ற இடங்களில் அதற்கு வெகுகாலம் முன்பே அழிந்துவிட்டன. தீவாகப் பிரிந்து வந்த இந்தியாவில் மட்டும் பிழைத்திருந்தால் அது பெரிய செய்தி. ஆனால் 1996-ல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் மறுத்தனர். எலும்புகள் கடல்வாழ் பிளீசியோசருடையவை என்பது அவர்கள் வாதம். கடற்படிவில் கிடைத்தவை என்பதால் அதைச் சட்டென ஒதுக்கிவிட முடியாது. ஆற்று வெள்ளம் தரை விலங்கின் உடலைக் கடலுக்கு அடித்துச் சென்றிருக்கலாம் என்பதும் உண்மை.

எப்படித் தீரும்?

புதிய எலும்புகள் கிடைத்தால் தீரும். அதே சுண்ணாம்புப் பாறைதான் சிமென்ட்டுக்கும் வெட்டப்படுகிறது. சுரங்கம் புதைபடிவத்தை வெளியே கொண்டுவரும், கவனிக்க ஆள் இல்லாவிட்டால் அரைத்தும் விடும். புவிப் பாரம்பரிய இடங்களைக் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022-ல் வரைவு மசோதா வெளியிட்டது இதனால்தான் முக்கியமாகிறது.

விசித்திரமான கல் கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது எளிது: உடைக்காமல், இடம் மாற்றாமல், படம் எடுத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்ல வேண்டும். எந்த அடுக்கில் கிடைத்தது என்பது தெரியாவிட்டால் அது வெறும் கல்தான்.